பி. வி. நரசிம்ம ராவ்: மாறிவரும் மதிப்பீடுகளின் வரலாறு

பாமுலபர்த்தி வேங்கட நரசிம்ம ராவ் (28.6.1921 – 23.12.2004) 1991 ஜூன் 21 முதல் 1996 மே 16 வரை இந்தியப் பிரதமராக இருந்தவர், தென்னிந்தியாவிலிருந்து அந்தப் பதவிக்கு வந்த முதல் மனிதர். உரிமமும் ஒதுக்கீடுமாக நாற்பதாண்டுகள் ஓடிய பொருளாதாரத்தைத் திறந்துவிட்டது அவருடைய அரசு. பாபர் மசூதி இடிக்கப்பட்டதும் அவர் ஆட்சியில்தான். அவர் இறந்தபோது சொந்தக் கட்சித் தலைமையகத்தின் வாயிற்கதவு அவர் உடலுக்குத் திறக்கவில்லை. ஏறத்தாழ இருபதாண்டுகள் கழித்து, எதிர்க்கட்சியாக இருந்து அவரை எதிர்த்த கட்சியின் அரசு அவருக்குப் பாரத ரத்னா வழங்கியது. இந்த இடைக்காலத்தில் சில புதிய ஆவணங்கள் வெளிவந்தன என்பது உண்மை. ஆனால் அவரைப் பற்றிய தீர்ப்பு இவ்வளவு தூரம் புரண்டதற்கு ஆவணங்கள் மட்டும் காரணமல்ல. அவர் யாருக்குத் தேவைப்பட்டார், யாருக்குச் சுமையானார் என்பது காலத்துக்குக் காலம் மாறிக்கொண்டே வந்தது.

தெலங்கானாவில்

வாரங்கல் மாவட்டம் லக்னேபள்ளியில் பிறந்து, அப்போதைய கரீம்நகர் மாவட்டத்து வங்கரா கிராமத்தில் நிலபுலமுள்ள குடும்பத்துக்குத் தத்துப் போனவர். நிஜாம் ஆட்சியில் வந்தே மாதரம் பாடும் உரிமைக்காக 1938இல் நடந்த மாணவர் கிளர்ச்சியில் சேர்ந்து கல்லூரியிலிருந்து வெளியேற்றப்பட்டார். புனேயிலும் நாகபுரியிலும் படிப்பை முடித்தார். சுவாமி ராமானந்த தீர்த்தரின் தலைமையை ஏற்று ஐதராபாத் சமஸ்தானக் காங்கிரசில் உழைத்தார். 1957 முதல் 1977 வரை மந்தனி தொகுதியின் சட்டமன்ற உறுப்பினர். அரசியலுக்கு இணையாக எழுத்தும் மொழிபெயர்ப்பும் அவரிடம் இருந்தன. விசுவநாத சத்தியநாராயணாவின் பெருநாவலான ‘வேயி படகலு’வை இந்தியிலும், ஹரி நாராயண் ஆப்தேயின் மராத்தி நாவல் ஒன்றைத் தெலுங்கிலும் பெயர்த்தார்.

1971 செப்டம்பர் 30 அன்று ஆந்திரப் பிரதேச முதலமைச்சரானார். சட்டமன்றத்தில் பெருநிலக்கிழார்களின் பிடி தளராத காலம் அது. நில உச்சவரம்பைக் கடுமையாக்க முனைந்தார். 1972 தேர்தலில் பிற்படுத்தப்பட்டோருக்கு வழக்கத்தைவிட அதிக இடம் கொடுத்தார். அந்த ஆண்டு அக்டோபரில், அரசு வேலைகளில் தெலங்கானாக்காரர்களுக்கு முன்னுரிமை தரும் ‘முல்கி’ விதிகள் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ராவ் அந்தத் தீர்ப்பை வரவேற்றார். கடலோர ஆந்திரம் கொதித்தெழுந்து ‘ஜெய் ஆந்திரா’ கிளர்ச்சியாக வெடித்தது. நிலச் சட்டத்தால் ஆத்திரமடைந்திருந்தவர்களுக்கு அது கைக்குக் கிடைத்த ஆயுதம். 1973 ஜனவரியில் பதவி போய்க் குடியரசுத் தலைவர் ஆட்சி வந்தது.

ராவைப் புரிந்துகொள்ள இந்தப் பதினைந்து மாதங்கள் முக்கியமானவை. வெளிப்படையாக, வேகமாக, தன் பெயரிலேயே ஒரு சீர்திருத்தத்தைச் செய்யப்போய் வீழ்ந்தவர், அதற்குப் பிறகு எதையும் அப்படிச் செய்யவில்லை. காத்திருப்பது, பிறர் வாயால் பேசவைப்பது, முடிவெடுத்ததே தெரியாமல் முடிவெடுப்பது என்ற முறை அவரிடம் ஊறியது. 1998இல் அவர் வெளியிட்ட ‘தி இன்சைடர்’ நாவல் கற்பனை மாநிலம் ஒன்றின் அரசியலை வைத்து இந்தக் காலத்தைத்தான் பேசுகிறது.

டெல்லியில்

இந்திரா, ராஜீவ் இருவர் அமைச்சரவைகளிலும் வெளியுறவு, உள்துறை, பாதுகாப்பு, மனிதவள மேம்பாடு என்று பெரிய துறைகளை வகித்தார். 1983 ஜூலையில் கொழும்பில் தமிழர்கள் கொன்று குவிக்கப்பட்டபோது இந்திரா காந்தி அங்கே அனுப்பியது வெளியுறவு அமைச்சரான ராவைத்தான். 1986ஆம் ஆண்டுக் கல்விக் கொள்கையும், கிராமப்புறப் பிள்ளைகளுக்கான நவோதயா பள்ளிகளும் அவர் மனிதவளத் துறையில் இருந்தபோது வந்தவை.

இவற்றுக்கு நடுவே 1984 நவம்பர் இருக்கிறது. இந்திரா கொல்லப்பட்ட பிறகு டெல்லியில் மட்டும் 2,733 சீக்கியர்கள் கொல்லப்பட்டதாக அரசே பின்னர் கணக்கிட்டது. டெல்லி காவல் துறை மத்திய உள்துறையின் கீழ் இருந்தது. உள்துறை அமைச்சர் நரசிம்ம ராவ். ராணுவத்தை உடனே இறக்குங்கள் என்று நேரில் வந்து கேட்டவர்களில் ஐ. கே. குஜ்ராலும் ஒருவர். ராணுவம் தாமதமாகவே வந்தது. பிரதமர் அலுவலகம் நேரடியாகக் காவல் துறையைக் கையாளத் தொடங்கியதால் ராவ் ஓரங்கட்டப்பட்டார் என்று அவருடைய வரலாற்றை எழுதிய வினய் சீதாபதி கூறுகிறார். ஆனாலும் அதுதான் ராவின் மிக இழிந்த தருணம் என்கிறார். ஓரங்கட்டப்பட்டவர் பதவி விலகியிருக்கலாம், வெளியே வந்து பேசியிருக்கலாம். இரண்டும் நடக்கவில்லை. ராவின் புகழை மீட்க எழுதப்படும் கட்டுரைகளில் பெரும்பாலானவை 1991ஐயும் 1992ஐயும் தராசில் வைத்து முடித்துக்கொள்கின்றன. 1984 தராசுக்கே வருவதில்லை.

1991

அந்த ஆண்டுத் தேர்தலில் அவர் போட்டியிடவில்லை. புத்தகங்களைப் பெட்டிகளில் கட்டி ஐதராபாத் திரும்பும் ஏற்பாட்டில் இருந்தார். மே 21 அன்று ஸ்ரீபெரும்புதூரில் ராஜீவ் காந்தி கொல்லப்பட்டார். கோஷ்டிகள் ஒன்றையொன்று தடுத்து நின்ற கட்சிக்கு, யாருக்கும் ஆபத்தில்லாதவர் என்று தோன்றிய ஒருவர் தேவைப்பட்டார். எழுபதாவது பிறந்தநாளுக்கு ஒரு வாரம் இருக்கையில், பெரும்பான்மை இல்லாத அரசின் பிரதமரானார் ராவ்.

கையிருப்பு அந்நியச் செலாவணி சில வார இறக்குமதிக்கே போதுமானதாக இருந்தது. முந்தைய சந்திரசேகர் அரசு ஏற்கெனவே 20 டன் தங்கத்தை வெளிநாட்டுக்கு அனுப்பியிருந்தது. ஜூலையில் ரிசர்வ் வங்கி மேலும் ஏறக்குறைய 47 டன்னை அடமானம் வைத்தது. நிதி அமைச்சர் பதவி முதலில் ஐ. ஜி. பட்டேலிடம் போய், அவர் மறுத்த பிறகு மன்மோகன் சிங்கிடம் வந்தது. ஜூலை 1, 3 ஆகிய நாள்களில் இரண்டு கட்டமாக ரூபாயின் மதிப்பு குறைக்கப்பட்டது. முதல் கட்டத்துக்கு எழுந்த எதிர்ப்பைப் பார்த்து ராவ் தயங்கினார். இரண்டாவதை நிறுத்தச் சொன்னார். ரிசர்வ் வங்கித் துணை ஆளுநர் சி. ரங்கராஜன் அதற்குள் அறிவிப்பைக் கொடுத்து முடித்திருந்தார்.

ஜூலை 24 அன்று மன்மோகன் சிங் வரவுசெலவுத் திட்டத்தைப் படித்தார். அதே நாளில் அதைவிடப் பெரிய மாற்றம் ஒன்று ஓசையில்லாமல் அவைக்கு வந்தது: புதிய தொழில் கொள்கை. 18 தொழில்கள் தவிர மற்றவற்றுக்கு உரிமம் தேவையில்லை. முன்னுரிமைத் தொழில்களில் 51 சதவீதம் வரை அந்நிய முதலீட்டுக்குத் தாமதமின்றி அனுமதி. தொழில் துறையைத் தன்னிடமே வைத்திருந்த பிரதமர் அதை வாசிக்கவில்லை. இணை அமைச்சர் பி. ஜே. குரியன் தாக்கல் செய்தார். நேரு வழியைக் கைவிடுகிறோமா என்று அமைச்சரவையில் முணுமுணுப்பு எழுந்தபோது, நேரு, இந்திரா, ராஜீவ் மூவரையும் போற்றும் முன்னுரை ஒன்று சேர்க்கப்பட்டது. உள்ளடக்கம் அப்படியே இருந்தது. 1973இல் கற்ற பாடம் இங்கே பலன் கொடுத்தது.

சீர்திருத்தத்தின் ‘தந்தை’ யார் என்ற சண்டை இன்றும் ஓயவில்லை. திட்டங்களில் பல ராவுக்கு முந்தியவை. வி. பி. சிங் காலத்திலேயே மான்டேக் சிங் அலுவாலியா முதலியோர் வரைவுகள் எழுதியிருந்தார்கள். நெருக்கடியின் உச்சத்தில் ரிசர்வ் வங்கியை நடத்தியவர் எஸ். வெங்கிடரமணன். வர்த்தகத் துறையில் இறக்குமதி உரிம முறையைத் தளர்த்தியவர் ப. சிதம்பரம். ராவுக்குப் பொருளாதாரம் தனிப்பட்ட ஈடுபாடுள்ள துறையும் அல்ல. ஆனால் அறிக்கைகள் அலமாரியில் எப்போதும் இருக்கும். நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லாமல், சொந்தக் கட்சியிலேயே பாதிப்பேர் முகம் சுளிக்க, அவற்றைச் சட்டமாகவும் உத்தரவாகவும் ஆக்கி ஐந்தாண்டுகள் காப்பாற்றியது அரசியல் வேலை. அந்த வேலை ராவுடையது. உர மானியத்தில் கைவைத்து 40 சதவீதம் விலையேற்றி, எதிர்ப்பு கிளம்பியதும் 30 சதவீதமாக இறக்கி, சிறு விவசாயிகளுக்கு விலக்குக் கொடுத்தது போன்ற பின்வாங்கல்களும் அந்த வேலையின் பகுதிதான்.

1992 டிசம்பர் 6

அயோத்தியில் ராமர் கோயில் கட்டுவதற்கான ஜூலை மாதக் கரசேவையைப் பேச்சுவார்த்தையால் நிறுத்திய அனுபவம் ராவுக்கு நம்பிக்கை கொடுத்திருந்தது. சாதுக்களோடும் பாரதிய ஜனதாத் தலைவர்களோடும் தனித்தனியே பேசிக்கொண்டிருந்தார். உத்தரப் பிரதேச முதல்வர் கல்யாண் சிங் மசூதியைக் காப்பதாக உச்ச நீதிமன்றத்துக்கு வாக்குறுதி கொடுத்தார். உள்துறைச் செயலர் மாதவ் கோட்போலே மாநில அரசைக் கலைத்துக் கட்டடத்தை மத்தியப் படையின் பொறுப்பில் கொண்டுவரும் திட்டம் ஒன்றை நவம்பரிலேயே தயாரித்துக் கொடுத்தார். ராவ் அதைப் பயன்படுத்தவில்லை. மத்தியப் படைகள் அருகே ஃபைசாபாத்தில் முகாமிட்டிருந்தன. மாநில அரசு அழைக்காததால் உள்ளே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒரே பகலில் பதினாறாம் நூற்றாண்டு மசூதி தரைமட்டமானது. நாடெங்கும் மூண்ட கலவரங்களில் ஏறத்தாழ இரண்டாயிரம் பேர் இறந்தார்கள். பம்பாயில் மட்டும் 900 பேர் என்று ஸ்ரீகிருஷ்ணா ஆணையம் பதிவு செய்தது.

ராவின் வாதம், அவர் இறந்த பிறகு 2006இல் வெளிவந்த ‘அயோத்தியா: 6 டிசம்பர் 1992’ என்ற அவருடைய நூலில் இருக்கிறது: தேர்ந்தெடுக்கப்பட்ட மாநில அரசு நீதிமன்றத்துக்கு உறுதி கொடுத்திருக்கையில், குற்றம் நடக்கும் முன்பே அதைக் கலைக்க அரசமைப்புச் சட்டம் இடம் தரவில்லை. இது ஒதுக்கிவிடக்கூடிய வாதமன்று. மாநில அரசுகளை நினைத்தபோது கலைக்கும் வழக்கத்துக்குத் தமிழகம் 1976இலும் 1980இலும் 1991இலும் பலியானது. 356ஆவது பிரிவைப் பயன்படுத்தத் தயங்கிய பிரதமரை அந்த ஒரு காரணத்துக்காக நாம் பழிக்க முடியாது.

ஆனால் அந்த வாதத்தால் மூட முடியாத நேரம் ஒன்று உண்டு. டிசம்பர் 6 மாலையே கல்யாண் சிங் விலகிவிட்டார். குடியரசுத் தலைவர் ஆட்சியும் வந்துவிட்டது. அந்த நிமிடத்திலிருந்து அயோத்தி டெல்லியின் பொறுப்பு. இருந்தும் டிசம்பர் 8 அதிகாலையில்தான் மத்தியப் படை அந்த இடத்தைக் கைப்பற்றியது. இடைப்பட்ட இரண்டு இரவுகளும் ஒரு பகலும் கரசேவகர்களுக்குப் போதுமாக இருந்தன. இடிபாட்டின் மேல் தற்காலிகக் கோயில் எழுந்து, சிலைகள் வைக்கப்பட்டன. மசூதியை அதே இடத்தில் கட்டித் தருவோம் என்று ராவ் அறிவித்த வாக்கு அந்த முப்பத்தாறு மணி நேரத்திலேயே நடைமுறையில் செத்துப்போயிற்று. அவருடைய முறையின் மறுபக்கம் இது. தொழில் கொள்கையில் காலம் கடத்துவது எதிரிகளைச் சோர்வடையச் செய்தது. கடப்பாரை ஏந்திய கூட்டத்தின் முன் அதே காலம் கூட்டத்துக்கே உதவியது.

இடிப்பு நடக்கும்போது அவர் பூஜையில் அமர்ந்திருந்தார் என்ற கதையை 2012இல் வந்த குல்தீப் நய்யாரின் தன்வரலாறு பரப்பியது. அது செவிவழிச் செய்தி. சீதாபதி பதிவுகளைக் கொண்டு அதை மறுக்கிறார். ராவின் பொறுப்பைக் காட்ட அந்தக் கதை தேவையும் இல்லை. இடிப்பை விசாரிக்க 1992 டிசம்பரில் அமைக்கப்பட்ட லிபரான் ஆணையம் 2009இல்தான் அறிக்கை கொடுத்தது. ராவைப் பெரும்பாலும் குற்றத்திலிருந்து விடுவித்தது. பிரணாப் முகர்ஜி 2016இல் வெளியான நினைவுக்குறிப்பில் மசூதியைக் காக்கத் தவறியதை ராவின் மிகப்பெரிய தோல்வி என்று எழுதினார். ராவின் அமைச்சரவையில் இருந்த ஒருவரின் கருத்து என்பதால் ஆணையத்தின் சொல்லைவிட இதற்குக் கனம் அதிகம்.

எஞ்சிய ஆண்டுகள்

இரண்டு பெரிய தேதிகளின் நிழலில் மற்றவை மறைந்துவிட்டன. மண்டல் தீர்ப்புக்குப் பின் மத்திய அரசுப் பணிகளில் பிற்படுத்தப்பட்டோருக்கான 27 சதவீத ஒதுக்கீடு 1993இல் நடைமுறைக்கு வந்தது இந்த அரசில்தான். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டுச் சட்டத்தை ஒன்பதாவது அட்டவணையில் சேர்த்த 76ஆவது அரசமைப்புத் திருத்தமும் (1994) இக்காலத்தது. 73, 74ஆவது திருத்தங்கள் ஊராட்சிகளுக்கும் நகராட்சிகளுக்கும் அரசமைப்புத் தகுதி கொடுத்து, மூன்றில் ஒரு பங்கு இடங்களைப் பெண்களுக்கு ஒதுக்கின. விதை ராஜீவ் காந்தியுடையது. சட்டமாகி நடைமுறைக்கு வந்தது 1993இல். லட்சக்கணக்கான பெண்களைத் தேர்தல் பதவிக்குக் கொண்டுவந்த இந்தத் திருத்தங்கள், மசூதி இடிந்த அதே மாதத்தில் நாடாளுமன்றத்தில் நிறைவேறியதால் அன்று யார் கண்ணிலும் படவில்லை.

வெளியுறவில் இஸ்ரேலோடு முழுத் தூதரக உறவு (1992 ஜனவரி), தென்கிழக்கு ஆசியாவை நோக்கிய ‘லுக் ஈஸ்ட்’ கொள்கை, சீனாவோடு எல்லை அமைதி உடன்பாடு (1993 செப்டம்பர்) ஆகியவை நிலைத்தன. 1995 இறுதியில் பொக்ரானில் நடந்த அணுச் சோதனை ஏற்பாடுகளை அமெரிக்கச் செயற்கைக்கோள்கள் கண்டுபிடித்ததால் சோதனை நிறுத்தப்பட்டது. 1998 சோதனைக்கான ஆயத்தம் ராவுடையது என்று வாஜ்பாய் பின்னாளில் வெளிப்படையாகச் சொன்னார்.

கறையும் குறைவில்லை. ஹர்ஷத் மேத்தா ஊழல், தொடர்ந்து ஹவாலா. 1993 ஜூலை 28 அன்று நம்பிக்கையில்லாத் தீர்மானத்தில் 265க்கு 251 என்று அரசு பிழைத்தது. ஜார்க்கண்ட் முக்தி மோர்ச்சா உறுப்பினர்களுக்குப் பணம் கொடுக்கப்பட்டது பின்னர் வெளிவந்தது. அந்த வழக்கில் 2000இல் விசாரணை நீதிமன்றம் ராவுக்கு மூன்றாண்டுச் சிறை விதித்தது. குற்ற வழக்கில் தண்டனை பெற்ற முதல் முன்னாள் பிரதமர் அவர். 2002இல் டெல்லி உயர் நீதிமன்றம் விடுதலை செய்தது. லகுபாய் பாதக் என்ற தொழிலதிபரை ஏமாற்றியதாகத் தொடுக்கப்பட்ட வழக்கிலும் 2003இல் விடுதலையானார்.

தமிழகக் காங்கிரசில் ராவின் பெயர் இன்னொரு முடிவோடு சேர்ந்தே நினைக்கப்படுகிறது. 1996இல் மாநிலத் தொண்டர்களின் குரலை மீறி அ.தி.மு.க.வோடு கூட்டணி வைத்தார். ஜி. கே. மூப்பனார் வெளியேறித் தமிழ் மாநிலக் காங்கிரசைத் தொடங்கினார். 39 மக்களவைத் தொகுதிகளையும் தி.மு.க. அணி அள்ளியது. தமிழகத்தில் காங்கிரசுக்கு ஓரிடமும் இல்லை. இந்திய அளவில் 140தான்.

புறக்கணிப்பும் மீட்பும்

தோல்விக்குப் பின் கட்சித் தலைவர் பதவி சீதாராம் கேசரிக்குப் போனது. 1998இல் ராவுக்குப் போட்டியிட இடமே கொடுக்கவில்லை. சோனியா காந்தி காலத்துக் காங்கிரசுக்கு, விலகிப்போன முஸ்லிம் வாக்குகளைத் திரும்பப் பெற டிசம்பர் 6இன் பழியை ஏற்க ஒருவர் தேவைப்பட்டார். சீர்திருத்தத்தின் புகழை மன்மோகன் சிங்குக்கும் ராஜீவின் கனவுக்கும் பிரித்துக் கொடுக்கவும் முடிந்தது. 2004 டிசம்பர் 23 அன்று ராவ் டெல்லியில் இறந்தார். டெல்லியிலேயே தகனம் செய்யக் குடும்பம் விரும்பியது. உடல் ஏற்றிய வண்டி அக்பர் சாலை 24ஆம் எண் வாசலில் காத்து நின்று, கதவு திறக்காமல் விமான நிலையம் போனது. ஐதராபாத்தில் உசேன் சாகர் கரையில் எரியூட்டினார்கள். தன் பிரதமர் ஒருவரைக் கட்சி எவ்வளவு விமர்சித்தாலும் சரி, இறந்தவருக்கு இதைச் செய்திருக்கக் கூடாது. நேரு–காந்தி குடும்பத்தவர் அரசியலில் இருந்திருந்தால் மசூதி இடிந்திருக்காது என்று ராகுல் காந்தி 2007இல் பேசியது அந்தக் காலக் கட்சி நிலையை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டது.

திருப்பம் 2015க்குப் பின். ஜெய்ராம் ரமேஷ், சஞ்சய பாரு, வினய் சீதாபதி ஆகியோரின் நூல்கள் ஓராண்டுக்குள் அடுத்தடுத்து வந்தன. ராவின் சொந்தக் காகிதங்களைப் பார்த்து எழுதிய சீதாபதியின் ‘ஹாஃப் லயன்’ மற்ற இரண்டையும்விட ஆழமானது. டெல்லியில் நினைவிடம் எழுப்பியது மோடி அரசு. தெலங்கானாவில் சந்திரசேகர ராவ் அரசு 2020–21இல் நூற்றாண்டு விழாவை ஆண்டு முழுவதும் நடத்திப் பாரத ரத்னா கோரிச் சட்டமன்றத் தீர்மானம் போட்டது. ஐதராபாத் முஸ்லிம்களின் கட்சியான மஜ்லிஸ் அவைக்கு வரவில்லை. காங்கிரசுக்கும் வேறு வழியில்லாமல், 2020 ஜூலையில் சோனியாவும் மன்மோகனும் பாராட்டுக் கடிதம் அனுப்பினார்கள். இதே மன்மோகன் சிங்தான் அதற்கு ஏழு மாதங்கள் முன்பு, குஜ்ராலின் பேச்சை ராவ் கேட்டிருந்தால் 1984 படுகொலையைத் தவிர்த்திருக்கலாம் என்று ஒரு மேடையில் சொன்னார்.

மீட்பவர்கள் தத்தம் ராவைத் தேர்ந்தெடுத்துக்கொண்டார்கள். தெலங்கானாவுக்கு மண்ணின் மைந்தர் கிடைத்தார். தொழில் உலகுக்குச் சீர்திருத்தவாதி கிடைத்தார். பாரதிய ஜனதாவுக்கு, ஒரு குடும்பம் அவமதித்த காங்கிரஸ்காரர் கிடைத்தார். நான்கு பாரதிய ஜனதா அரசுகளும் பதவியிழந்து, ஆர்.எஸ்.எஸ்.ஸும் தடை செய்யப்பட்டது இந்த மனிதரின் ஆட்சியில்தான் என்பதை அந்தப் பாராட்டு பேசுவதில்லை. 2024 ஜனவரி 22 அன்று அயோத்திக் கோயில் திறக்கப்பட்டது. பிப்ரவரி 9 அன்று ராவுக்குப் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டுப் பட்டியலில் எல். கே. அத்வானியும் இருந்தார். மார்ச் 4 அன்று உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, ராவின் பெயரிலேயே அமைந்த 1998ஆம் ஆண்டுத் தீர்ப்பை ரத்து செய்தது. லஞ்சம் வாங்கி வாக்களித்த உறுப்பினர்களுக்கு வழக்கிலிருந்து அத்தீர்ப்பு கொடுத்திருந்த பாதுகாப்பு போயிற்று. மார்ச் 30 அன்று ராவின் மகன் விருதைப் பெற்றுக்கொண்டார்.

ராவைப் போற்றுபவர்களும் ஏசுபவர்களும் ஒன்றுபோல மறந்த சட்டம் ஒன்று இருக்கிறது: 1991 செப்டம்பரில் பாரதிய ஜனதாவின் எதிர்ப்பை மீறி அவருடைய அரசு நிறைவேற்றிய வழிபாட்டுத் தலங்கள் (சிறப்பு விதிகள்) சட்டம். அயோத்தி ஒன்றை விலக்கிவிட்டு, மற்ற எல்லா வழிபாட்டு இடங்களும் 1947 ஆகஸ்ட் 15 அன்று எந்த மதத்துக்குரியவையாக இருந்தனவோ அப்படியே தொடரவேண்டும் என்கிறது அது. காசி ஞானவாபி, மதுரா வழக்குகளில் முஸ்லிம் தரப்பு முதலில் நீட்டுவது இந்தச் சட்டத்தைத்தான். டிசம்பர் 6க்காக ராவை மன்னிக்காதவர்களுக்கும் இன்று சட்டப் பிடிமானம் அவர் அரசு விட்டுச் சென்றது. அதை நீக்கக் கோரும் மனுக்கள் 2020 முதல் உச்ச நீதிமன்றத்தில் இருக்கின்றன. மறு உத்தரவு வரும்வரை இத்தகைய புதிய வழக்கு எதையும் பதிவு செய்யக்கூடாது, கள ஆய்வுக்கு உத்தரவிடவும் கூடாது என்று 2024 டிசம்பர் 12 அன்று அந்த நீதிமன்றம் நாட்டின் கீழ் நீதிமன்றங்கள் அனைத்துக்கும் ஆணையிட்டது.